கரடி மீன் தின்னுமா

1972 மே 4. வேட்டை உரிமம், ஒரு கரடிக்கு: ரூ. 25.00
மே 9. தூண்டில் முள், நரம்பு, சேலம் கடைவீதி: ரூ. 6.40
மே 11. தோட்டா ஆறு: ரூ. 21.00
மே 13. அரிசி, உப்பு, மிளகாய், தேயிலை: ரூ. 9.15
மே 13. கரடியூர் சின்னையனுக்கு முன்பணம்: ரூ. 10.00
மே 14. சுட்ட தோட்டா: இல்லை
1973 நவம்பர் 19. கனடாவுக்கு வான்வழிக் கடிதம் ஒன்று: ரூ. 1.60

எஸ்டேட் ரைட்டர் எழுதிய இந்தக் கணக்கில் பத்து ரூபாய் முன்பணம் வாங்கியவராக வரும் சின்னையனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கரடியூருக்குக் கீழே, சரிவில், பதினோரு வீடுகள் கொண்ட சிறு குடியிருப்பில் அவர் வீடு நான்காவது. இரண்டு ஏக்கர் சாமை, வீட்டைச் சுற்றிப் பலா மரங்கள், வேலியோரம் கொஞ்சம் காப்பியும் ஆரஞ்சும். கோடையில் எஸ்டேட் பங்களாக்களுக்கு வரும் விருந்தாளிகளுக்குக் காடு காட்டப் போவார். ஆள் ஒல்லி. நடக்கும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. ஆனால் வாய் சும்மா இருக்காது. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்.

எதையாவது பார்த்துவிட்டால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் மைத்துனன் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மின்சாரம் கொடுக்கப் பந்தலுக்குப் பின்னால் ஓர் எஞ்சின் ஓடியது. சின்னையன் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தாலி கட்டியது தெரியாது, பந்தி முடிந்தது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி அத்தாயி கேட்டாள்.

"பொண்ணு என்ன கலர் சீலை கட்டியிருந்துச்சு, சொல்லுங்க பாக்கலாம்?"

"அந்த எஞ்சினுக்கு எண்ணெயை மேல ஊத்தறாங்க அத்தாயி. ஆனா கீழ சொட்டவே காணம். அது எங்க போகுது?"

"உங்களக் கட்டிக்கிட்டு வந்தனே, என் வயசெல்லாம் எங்க போச்சோ அங்கதான்."

அந்தக் குடியிருப்புக்கும் நாகலூர் பஸ் நிற்கும் சாலைக்கும் நடுவில் கல்லுக்காடு எஸ்டேட் கிடந்தது. அதன் காப்பிச் செடிகளுக்கு ஊடே ஒரு நடைபாதை. அந்தப் பாதையில் இறங்கினால் அரை மணியில் பஸ். அது இல்லாவிட்டால் மலை முகட்டைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். வெறுங்கையோடு சுற்றலாம். பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்ற முடியாது. முந்தைய வருடம் சின்னையனின் தம்பி மனைவிக்குப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்தப் பாதை வழியாகத்தான் ஓடினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

1972 பிப்ரவரியில் எஸ்டேட் முதலாளி அந்தப் பாதையை மூடப்போவதாகச் சொல்லியனுப்பினார். அவர் இருப்பது சென்னையில். காப்பிப் பழம் திருட்டுப் போகிறது என்பது காரணம். தவிரவும் அந்தப் பாதை எஸ்டேட் ஆட்களுக்காகத் தன் அப்பா வெட்டியது, ஊருக்குப் பாத்தியதை கிடையாது என்பது அவர் வாதம். சின்னையனோ தன் அப்பன் காலத்தில், காப்பிச் செடி வருவதற்கு முன்பே, அதே தடத்தில் தானே ஆடு ஓட்டிக்கொண்டு போனவர். ஆனால் கையில் துண்டுச் சீட்டுக் கிடையாது.

நிலைமை இப்படி இருக்கையில்தான் மே மாதம் முதலாளியின் தம்பி ஞானராஜ் வந்து இறங்கினார். முப்பத்திரண்டு வயது. கனடாவின் மேற்குக் கரையில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றில் ஆறு வருடமாக வேலை. எஸ்டேட் ரைட்டர் செங்கோடன் சின்னையனைப் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஞானராஜ் நாற்காலியைக் காட்டினார். சின்னையன் படியிலேயே உட்கார்ந்தார்.

"சின்னையா, நம்ம கரடி மீன் தின்னுமா?"

இருபது வருடமாகக் காடு காட்டியும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதைவிட, அவரே கேட்டுக்கொண்டதில்லை.

"நம்ம கரடிங்களா? தேன் தின்னுமுங்க. கறையான் தின்னும். பலா, அத்தி, எலந்தை எல்லாம் தின்னும். மீனுங்களா..." என்று நிறுத்திவிட்டார்.

ஞானராஜ் விளக்கினார். அங்கே சால்மன் என்று ஒரு மீன். கடலில் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மலைக்கு ஏறும். அது ஏறுகிற வழியில் கருங்கரடிகள் வந்து நின்று பிடித்துத் தின்னும். வேட்டைக்குப் போகிறவர்கள் பகலில் தூண்டில் போடுவார்கள். மாலையில் அதே கரையில் துப்பாக்கியோடு கரடிக்குக் காத்திருப்பார்கள். ஒரே பயணம், இரண்டு வேட்டை. அங்கே நண்பர்கள் எல்லாரும் போயிருக்கிறார்கள். இவர் மட்டும் போனதில்லை. அங்கே செய்யாததை இங்கே செய்துவிட்டுப் போய்ச் சொல்லவேண்டும் என்பது ஆசை.

"மழை விழுந்தா நம்ம ஓடையிலயும் மீன் ஏறுமுங்க," என்றார் சின்னையன். "ஆனா கடல்ல இருந்து வர்றதுங்களே, எந்த ஓடையில ஏறோணும்னு அதுக்கு எப்படிங்க தெரியுது?"

"பொறந்த ஓடைக்கே வரும். தண்ணி வாசனையை வச்சுக் கண்டுபிடிக்குமாம்."

"கரடி அதை எந்தப் பக்கமிருந்து கடிக்குமுங்க? தலைங்களா, வாலுங்களா?"

"மீன் நிறைய இருந்தா மூளையையும் சினையையும் மட்டும் தின்னுட்டு மிச்சத்தைப் போட்டுரும்."

"மிச்சத்த யாருங்க திங்கறது?"

செங்கோடன் குறுக்கிட்டார். "யோவ், முன்பணம் காடு காட்டறதுக்கு. கேள்விக்குத் தனியா நீதான் குடுக்கோணும்."

சின்னையன் அப்போதுதான் வந்த காரியத்தை நினைத்துக்கொண்டு பாதையைப் பற்றிச் சொன்னார். ஞானராஜ் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மீனும் கரடியும் ஒரே பயணத்துல முடிச்சுக் குடுங்க. பாதையை மூடவேண்டாம்னு அண்ணன்கிட்ட நான் பேசறேன். எனக்கு ஒரு நாள்தான் இருக்கு. திங்கக்கிழமை ரயில்."

சின்னையன் சரி என்றுவிட்டார். வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அந்தப் பேச்சில் இருந்த சிக்கல் உறைத்தது.

அந்தப் பதினோரு வீட்டில் ஒரு முறை உண்டு. காட்டில் எடுத்தாலும் தண்ணீரில் எடுத்தாலும், எடுத்தது வீடு வீடாகப் பங்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த வேட்டைக்குக் கை நீட்டலாம். அதற்குள் நீட்டுவது ஊரைத் தள்ளிவைத்துத் தின்பதற்குச் சமம். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டு. ஒரு பலா மரத்தின் கிளை யார் பக்கம் சாய்கிறது என்ற தகராறில் அடுத்த வீட்டுக் கண்ணாயியோடு சின்னையன் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. ஆனாலும் பங்கை இலையில் வைத்து, வாசலில் நின்று ஒரு முறை இருமிவிட்டு வருவார். கண்ணாயி எடுத்துக்கொண்டு உள்ளே இருந்து ஒரு முறை இருமுவாள். வரவு வைத்தாயிற்று என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஞானராஜ், செங்கோடன், சின்னையன் மூன்று பேரும் கல்மடுவில் இருந்தார்கள். வெயில் காலத்தில் ஓடை ஒடுங்கி, மீனெல்லாம் அந்த மடுவில்தான் கூடும். ஞானராஜ் கனடாவிலிருந்து கொண்டுவந்த தூண்டில் கோலைச் சுழற்றி வீசினார். உருளை கிர்ரென்று சுற்றியதைப் பார்த்ததும் சின்னையனுக்குக் கை பரபரத்தது. இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். மூன்றாம் முறை கேட்டபோது ஞானராஜ் கொடுக்கவில்லை. சின்னையன் தன் மூங்கில் மீன்கூடையான தூரியைப் பாறை இடுக்கில், தண்ணீர் வடியும் வாயில் செருகினார். நண்பகலுக்குள் ஞானராஜுக்கு உள்ளங்கை அகலக் கெண்டைகள் ஒன்பது. தூரியில் ஆராலும் கெளுத்தியுமாக அரைக் கூடை.

"பகல் வேலை முடிஞ்சுது," என்றார் ஞானராஜ். "இனி கரடி."

மடுவுக்கு மேல் கரையில் ஒரு பெரிய கறையான் புற்று. அதன் அடியில் நகத்தால் பறித்த புதுக்குழி. மாலையில் கரடி அங்கே வரும் என்று சின்னையனுக்குத் தெரியும். ஆனால் கூடை நிறைய மீன் பங்கு போகாமல் கிடக்கிறது.

அவர் விஷயத்தைச் சொன்னார். ஞானராஜுக்குப் புரியவில்லை. "ராத்திரி போய்க் குடுக்கலாமே?"

"அப்ப கரடி ரெண்டாவது ஆயிருமுங்க. மொதலாவது பங்கு போகாம ரெண்டாவது எடுக்கக் கூடாதுங்க."

"மேல போய்க் குடுத்துட்டுத் திரும்பினா?"

"இருட்டிப்போகுமுங்க."

செங்கோடன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கனடாவுல கரடிக்குப் பங்காளியே கெடையாது போலிருக்குது. குடுத்து வச்ச ஊரு."

சின்னையன் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதை மூடினால் பதினோரு வீட்டுக்கும் வழி இல்லை. பங்கு போடாமல் துப்பாக்கி பிடித்தால் அந்தப் பதினோரு வீட்டில் அவருக்கு முகம் இல்லை. பிறகு முகம் தெளிந்தது. பாறை மேல் ஏறி, வாயைக் கையால் குவித்து, மேட்டுக்குக் கேட்கும்படி நீளமாக ஒரு கூவல் விட்டார். மலையில் ஆளைக் கூப்பிடுகிற கூவல் அது. மேலேயிருந்து அத்தாயியின் கூவல் பதிலாக வந்தது. பங்கு ஊருக்குப் போகமுடியாவிட்டால் ஊர் பங்குக்கு வரட்டும். தன் யோசனையை அவரே மெச்சிக்கொண்டார்.

வந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று அவர் நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் வேலை கிடையாது. பதினோரு வீடும் கூண்டோடு இறங்கியது. கைக்குழந்தை, வெள்ளாடு, மூன்று நாய், மிளகாய் அரைக்கக் குழவி. பங்கு பிரித்ததும் பச்சை மீனைத் தூக்கிக்கொண்டு ஏறுவானேன் என்று யாரோ சொன்னார்கள். அங்கேயே அடுப்புக் கூட்டினார்கள். புகை பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. கண்ணாயி தன் பங்கை வாங்கிக்கொண்டு இருமினாள். புகையினாலா வரவினாலா என்று தெரியவில்லை.

அத்தாயி ஞானராஜுக்கு ஓர் ஆராலைச் சுட்டு இலையில் வைத்தாள். "தின்னுங்க சாமி. உங்க ஊரு மீனாட்டம் கடலெல்லாம் சுத்திப் பாக்காதது. ஆனா ருசி இருக்கும்."

அவர் தின்றுகொண்டே கேட்டார்: "சின்னையா, இத்தனை சத்தம், இத்தனை புகை. இனி கரடி வருமா?"

சின்னையனின் கை வாய்க்குப் போகாமல் நடுவில் நின்றது. பங்கை மட்டும் நினைத்தவர் இதை நினைக்கவே இல்லை.

"வராதுங்க," என்றார்.

வெயில் தாழ்ந்ததும் ஊர் மேலே ஏறிப்போனது. மூன்று பேர் மட்டும், வேறு செய்ய ஒன்றும் இல்லாததால், புற்றுக்கு எதிரே பாறை மறைவில் உட்கார்ந்தார்கள். மீன் கழுவிய குடலும் செதிலும் முள்ளுமாக ஒரு தேக்கிலை நிறையப் புற்றருகே கிடந்தது. கட்டெறும்பு அதை மொய்த்துக் கறுப்பாக்கிவிட்டது.

நிழல் நீண்டு, ஓடைச் சத்தம் பெரிதாகக் கேட்கத் தொடங்கிய நேரத்தில், வராது என்று சொன்ன கரடி வந்தது. தனிக் கரடி. நெஞ்சில் வெள்ளைப் பிறை. தலையை ஆட்டி ஆட்டி, யாரையோ திட்டிக்கொண்டே வருகிற கிழவனைப் போல வந்தது. புற்றுக்குப் போகவில்லை. இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று மூக்கை நீட்டியது.

ஞானராஜ் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார். நல்ல தூரம், நல்ல வெளிச்சம். சின்னையனுக்குப் பாதை கண்ணெதிரே நாகலூர் வரைக்கும் திறந்து கிடந்தது. ஆனாலும் அவர் கை தானாகப் போய்க் குழல் மேல் படிந்தது.

"சித்தெ பொறுங்க," என்று மூச்சுக்காற்றில் சொன்னார். "தின்னுதான்னு பாத்துக்கலாமுங்க."

ஞானராஜ் திரும்பி முறைத்தார். பிறகு கரடியைப் பார்த்தார். துப்பாக்கி கொஞ்சம் இறங்கியது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தானே.

கரடி அரை வட்டம் சுற்றி, முதுகை இவர்களுக்குக் காட்டிக்கொண்டு குனிந்தது. முதுகு மயிர் மட்டும் தெரிந்தது. அதற்குள் முகட்டில் மேகம் இறங்கிவிட்டது. மலையில் வெளிச்சம் போவது கதவைச் சாத்துவது போலத்தான். கறுப்பும் கறுப்பும் கலந்துவிட்டன. சத்தம் மட்டும் வந்தது. புஸ்ஸென்று ஊதி, ஹுர்ரென்று உறிஞ்சும் சத்தம். மறுபடி ஊதல், மறுபடி உறிஞ்சல்.

சத்தம் நின்றதும் ஞானராஜ் டார்ச்சை அடித்தார். கரடி இல்லை. இலை துடைத்துவிட்டது போலிருந்தது. மீன் குடலும் இல்லை, எறும்பும் இல்லை.

மேடு ஏறும்போது ஞானராஜ் கேட்டார். "அது எதைத் தின்னுச்சு, சின்னையா?"

"அதைத்தாங்க நானும் யோசிக்கறேன். கறையானை உறிஞ்சறப்ப அந்தச் சத்தந்தான் போடும். எறும்பை உறிஞ்சையில மீனும் கூடப் போச்சா, மீனைத் திங்கையில எறும்பு கூடப் போச்சா?"

"ரெண்டு பேரும் யோசிச்சுக்கிட்டே வாங்க," என்றார் செங்கோடன். "தோட்டா ஆறும் பத்திரமா இருக்குது."

பங்களா வாசலில் ஞானராஜ் நின்றார். "நாம பேசினது மீனும் கரடியும். கரடி கிடைக்கலை." சின்னையன் தலையாட்டினார். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

அத்தாயி கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பாதையைக் கொண்டாங்கன்னு அனுப்புனா, சந்தேகத்தக் கொண்டாந்திருக்கீங்க."

ஜூலையில் பாதையின் இரு முனையிலும் கல் தூண் நட்டார்கள். கதவு மட்டும் பாக்கி. 1973 பிப்ரவரியில் கனடாவிலிருந்து செங்கோடன் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். வெள்ளமாக ஓடும் ஆற்றில் ஒரு கருங்கரடி, வாயில் குறுக்காக ஒரு மீன். சின்னையன் படத்தைச் சாய்த்தும் தலைகீழாகவும் பார்த்தார். நடுவில்தான் கடித்திருக்கிறது, தலையிலும் இல்லை வாலிலும் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். செங்கோடன் கடிதத்தைப் படித்தார்.

ஞானராஜ் அங்கே தன் நண்பர்களிடம் இந்தியக் கரடியும் மீன் தின்னும் என்று சொல்லிவிட்டாராம். யாரும் நம்பவில்லையாம். அங்குள்ள வேட்டைச் சங்கத்தின் பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதப்போகிறாராம். கரடியூர்க்காரர் ஒருவர் நேரில் பார்த்தார் என்று ஒரு வரி வேண்டும். சின்னையன் சொல்லி, ரைட்டர் எழுதி, கைரேகை வைத்து அனுப்பினால் போதும். பாதை விஷயமாக அண்ணனுக்கு அன்றைக்கே எழுதுவார்.

செய்தி பதினோரு வீட்டுக்கும் போனது. எல்லாரும் தூணுக்குப் பக்கத்தில் கூடிவிட்டார்கள். ஒரே ஒரு வரி. அதற்கு என்ன யோசனை?

"தின்னுச்சுன்னு சொன்னா அந்தக் கரடி வந்து உங்களக் கேக்கவா போகுது?" என்றாள் அத்தாயி.

இத்தனை வருடமாகப் பேசாத கண்ணாயிகூட அன்றைக்குப் பேசிவிட்டாள். "அந்தப் பலாக் கெளையை நீயே வச்சுக்க. தின்னுச்சுன்னு சொல்லீரு."

சின்னையன் தின்றது என்றும் சொல்லவில்லை, தின்னவில்லை என்றும் சொல்லவில்லை. "பாத்துட்டுச் சொல்றேன்," என்றார். அந்தக் கோடை முழுவதும் மீன் பிடித்து, பங்கு போட்டு, தன் பங்கில் பாதியைப் புற்றருகே கொண்டுபோய் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நாள் நரி தின்றது. இரண்டு நாள் கீரி. ஒரு நாள் ஊர் நாயே பின்னால் வந்து தின்றுவிட்டது. கரடி ஒரே ஒரு தடவை வந்தது. இலையைத் தாண்டிப் போய்ப் புற்றைப் பறித்தது. ஆனால் அன்றைக்கு வயிறு நிறைந்திருந்ததோ என்னவோ. அது அதே கரடியா என்பதும் தெரியவில்லை.

நவம்பரில் செங்கோடன் கடிதத் தாளை விரித்து உட்கார்ந்தார். "சொல்லு. எழுதறேன். பாத்தேன்னு தானே?"

"எழுதுங்க. கரடி மூக்க நீட்டுனதப் பாத்தேன். உறிஞ்சுன சத்தத்தக் கேட்டேன். எலை காலியா இருந்துச்சு. மீனைத் தின்னுச்சா எறும்பத் தின்னுச்சான்னு எனக்குத் தெரியாது."

செங்கோடன் பேனாவை மூடினார். "சின்னையா, தூண்ல கதவு மாட்ட ஆசாரி அளவு எடுத்துட்டுப் போயிட்டான். தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. இன்னொரு வரியும் எழுதுங்க. அந்தப் பாதை எங்கப்பன் காலத்துல, காப்பிச் செடி வர்றதுக்கு முந்தியே இருந்துச்சு. அதுல நான் ஆடு ஓட்டுனேன். அது எனக்குத் தெரியும்."

செங்கோடன் சொன்னபடியே எழுதினார். சின்னையன் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தார். விரலைத் துடைப்பதற்கு முன், ரேகை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று கேட்டார்.

1974 ஜனவரியில் கதவு வந்தது, பூட்டோடு. பதினோரு வீடும் முகட்டைச் சுற்றி நடந்தன. அந்த வருடம் பலாப்பழம் பாதி மரத்தடியிலேயே பிளந்து கிடந்து, கரடிக்கும் ஈக்கும் போனது. யாரும் சின்னையனை நேரில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சுமையை இறக்கி மூச்சு வாங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "ஏனப்பா, எறும்பா மீனா?" என்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அது இன்னும் தீராத கேள்வி.

ஆகஸ்டில் செங்கோடன் குடியிருப்புக்கே ஏறி வந்தார். கையில் ஞானராஜின் கடிதம். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு படித்தார்.

"சின்னையன் அனுப்பிய கடிதத்தால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சங்கத்துப் பத்திரிகையில் எழுத முடியவில்லை. கோபத்தில் அதைச் சென்னைக்கு அண்ணனுக்கே அனுப்பினேன், உங்கள் ஊர் ஆட்களைப் பாருங்கள் என்று. அண்ணன் பதில் எழுதியிருக்கிறார். தனக்கு ஆதாயம் இருந்தும் கரடி விஷயத்தில் தெரியாது என்று எழுதியவர், அதே தாளில் பாதை விஷயத்தில் தெரியும் என்று எழுதினால், அதை எப்படி மறுப்பது என்று கேட்கிறார். பூட்டை எடுக்கும்படி ரைட்டருக்கு உத்தரவு போட்டிருக்கிறார். காப்பிப் பழம் திருட்டுப் போனால் ஊர் பொறுப்பு."

அத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணாயி இருமினாள். செங்கோடன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறப்பதற்குச் சின்னையனையே வரச் சொன்னார். சின்னையன் எழுந்திருக்கவில்லை. அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, மீனைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?"

செங்கோடன் தாளைத் திருப்பிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு கனடாவிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அதுதான் கடைசி. வந்து சேர்ந்த தேதி, 1974 ஆகஸ்ட் 21, புதன்கிழமை.